மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரித் தேர்வும்
(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளத்தைத் தூர்வாருவதும் சாலை போடுவதும் ஊராட்சியின் வேலை. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது பெற்றோர் பாடு, ஆசிரியர் பாடு என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். மதிப்பெண் வாங்குவது மாணவனின் பொறுப்புத்தான். ஆயினும் நல்ல மதிப்பெண் பெற்ற பின்னரும், சான்றிதழ் கைக்கு வராமையாலும், கடைசித் தேதி தவறியமையாலும், தரகர் சொல்லை நம்பியமையாலும் இடத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. அவ்விழப்பைத் தடுக்க ஊராரால் இயலும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம் என்பது பொருந்தாது. பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவில் சேருகிறார்கள் என்பதிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. உயிரியல் படிக்காதவருக்கு மருத்துவ வழி இல்லை. கணிதம் படிக்காதவருக்குப் பொறியியல் வழி பெரும்பாலும் இல்லை. இரண்டும் சேர்ந்த பிரிவு இரு வழிகளையும் திறந்து வைக்கும், சுமையும் அதிகம். பிள்ளையின் நாட்டத்தைக் கேளாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த பிரிவில் சேர்த்துவிடுதல் கூடாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, 2020-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்புகளிலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடங்கள் சட்டத்தின் வாயிலாக ஒதுக்கப்பட்டன. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. இதில் நம் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, கடைசி இரண்டாண்டுகளுக்கு மட்டும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் அந்த இரண்டாண்டுகளால் ஒதுக்கீட்டு உரிமை போய்விடுகிறது. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அரசுப் பள்ளியாகக் கொள்ளப்படுவதில்லை. பள்ளியை மாற்றும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்பது நலம்.

பொறியியல் தரவரிசைக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200 என்று கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 வாங்கியவருக்கு 80, 35, 38 சேர்ந்து 153 ஆகும். இந்தக் கணக்கை வீட்டுத் திண்ணையிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கென்று எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்கு மட்டும் நீட் தேர்வு தனியே எழுதவேண்டும்.

கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசையாகப் பதிவு செய்ய, கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, அவர் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத் தருகிறது. ஆகவே உண்மையில் விரும்பும் கல்லூரியை முதலில் எழுதவேண்டும். கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சிக் கீழே தள்ளுதல் கூடாது. நாலைந்து பெயரோடு நிறுத்திவிடுவதும் ஆபத்து. பட்டியல் நீளமாக இருப்பதால் நஷ்டம் ஏதுமில்லை. “நானே பதிந்து தருகிறேன்” என்று முன்வரும் தரகரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தால், அவருக்குத் தரகு தரும் கல்லூரி முதலிடத்தில் ஏறிவிடக்கூடும். வாகனம் அனுப்பி அழைத்துச் சென்று, சாப்பாடு போட்டு, மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோரும் உளர். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது.

கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். விடுதிச் செலவு என்ன, மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பேச்சு பெரும்பாலும் இந்தப் பேருந்திலிருந்துதான் தொடங்குகிறது. அரசுக் கலைக் கல்லூரி அருகில் இருக்குமாயின் அதற்கும் விண்ணப்பித்து வைப்பதே புத்திசாலித்தனம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. விவரத்தைச் சேரும் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

உழவர்களுக்கு ஒரு சொல். கலந்தாய்வும் கட்டணமும் வரும் காலம் ஆடிப் பட்டத்தை ஒட்டியது. கைப்பணமெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் போயிருக்கும். அந்நேரத்தில் வட்டிக்கு ஓடாமல், தையில் அறுவடைப் பணம் வரும்போதே பிள்ளைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள்.

இனிச் சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியாயின் அதற்கான சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வந்த மறுநாள் எல்லோரும் ஒரே சமயத்தில் அங்கே கூடினால் தாமதம் நேரத்தான் செய்யும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும்; வருமானச் சான்றைப் புதுப்பிக்கவேண்டும். பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளல் அவசியம்.

2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்தன. மே 1-ஆம் நாள் நமக்குக் கிராம சபை நாள். பொங்கல் கழிந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவோடு சேர்ந்து, ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை எழுதி, எவரிடம் எந்தச் சான்று இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபை கூடும் நாளில் அந்தப் பட்டியலை எடுத்து, இன்னும் சான்று வராதவர்களின் வீட்டாரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். கணினி தெரிந்த கல்லூரி மாணவர் இருவர் நம் ஊரிலேயே கிடைப்பார்கள். விண்ணப்பம் பதிவு செய்யும் நாட்களில் ஊராட்சி அலுவலகத்தில் அவர்கள் அமர ஒரு மேசையும் இணைய இணைப்பும் ஏற்பாடு செய்து கொடுத்தால் போதும்.