நம் மகளிரும் மார்பகப் பரிசோதனையும்



வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் தாய் உயிரோடிருந்தால்தானே கல்வி நிலைக்கும்!

2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களுள் ஒருமுறையேனும் அப்பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இதற்கு அறியாமையே காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது படித்தவர்களுக்கு எளிது. நாம் அதை ஒப்புவதற்கில்லை. தொடக்கத்தில் மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கரிமூட்டத்திலும் களையெடுப்பிலும் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் பெண், வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை இழப்பாளா? காரியாபட்டி வந்து, மேல்பரிசோதனைக்கு மதுரைக்கும் போய், முடிவை அறிய மறுபடியும் போவதென்றால் எத்தனை நாள் கூலி போகும்! பரிசோதனை இலவசந்தான், அந்த நாள் இலவசமன்று. ஆண் மருத்துவர் முன் மேலாடை களையும் கூச்சமும், நோயென்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாதே என்னும் அச்சமும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இன்னொன்றையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. இப்பரிசோதனை தொட்டுச் செய்யவேண்டிய பரிசோதனை. தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவள், தன்னைத் தொடவருபவரின் முகத்தை முதலில் பார்க்கிறாள். அங்கே ஒரு சுளிப்புத் தெரிந்தால் போதும், அவள் மறுமுறை வரமாட்டாள். முகாமை ஊருக்குள் ஒரு மண்டபத்தில் நடத்திவிட்டு, காலனிப் பெண்கள் வரவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது.

பெரிய இயந்திரம் இருந்தால்தான் இது நடக்கும் என்பதுமில்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. மருத்துவம் பயிலாத, பயிற்சி மட்டுமே பெற்ற பெண் ஊழியர்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் கையால் தொட்டுப் பார்த்தனர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களைப் பற்றிய அதன் முடிவு 2021இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடம் சாவு அவ்வாறு குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே நம் பாட்டிமார்களையும் பெரியம்மாக்களையும் முதலில் அழைத்து வாருங்கள். "இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்று மறுப்பவர்களும் அவர்கள்தாம்! எந்த வயதினராயினும், கட்டியோ, தோல் சுருக்கமோ, காம்பில் இரத்தக் கசிவோ கண்டால் முகாமுக்காகக் காத்திருக்கலாகாது.

இளைஞர்களே, இது பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்காதீர்கள். அம்மா மருத்துவமனைக்குப் போகும் நாளில் அடுப்பையும் ஆட்டையும் யார் பார்ப்பது? நீங்கள்தாம். செவிலியர் படிப்பு முடித்த நம் பெண்கள் மாதம் ஒரு மாலை வந்து, சுகாதாரச் செவிலியருக்குத் துணை நிற்கட்டும். நம் சங்கக் கட்டடத்தின் பின்னறை மாலை வேளைகளில் காலியாகவே கிடக்கிறது. அதற்கு ஒரு கதவுத்தாழும் கெட்டித் திரைச்சீலையும் ஒரு கட்டிலும் வேண்டும். கூலிவேலை முடிந்துவரும் ஆறு மணிக்குப் பெண் செவிலியரை அங்கே அனுப்பித்தருமாறு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிய மனு இதோ இம்மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். தாய்மார்களின் கையொப்பம் முதலில் இருக்கட்டும்.