பிகிள் ஓசையும் ஜனாதிபதியின் கணக்கும்
(தூத்துக்குடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1971 யுத்தத்தில் மாண்ட ஜவான்களுக்காக இப்போது பிகிள் ஊதினோம், தலை வணங்கினோம். அவர்கள் உழவன் மகன், மில் தொழிலாளியின் தம்பி.

அன்றைய ஜனாதிபதி வி.வி.கிரி ரயில்வேத் தொழிற்சங்கத்தை வளர்த்தவர். பாங்க் ஊழியர் தீர்ப்பைச் சர்க்கார் திருத்தியபோது, 1954-ல் மந்திரி பதவியை உதறியவர். 1969-ல் கம்யூனிஸ்டுகள் அவரை ஆதரித்தார்கள். இது வரவு.

செலவையும் எழுதுவோம். ஜவான்களைப் போர்முனைக்கு ஏற்றிச் சென்ற ரயில்வேத் தொழிலாளர்கள் 1974 மே மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். மாளிகையில் இருந்தவர் பழைய சங்கத் தலைவர்தான். அந்த நாற்காலி அவர்களைக் காக்கவில்லை.

1908-ல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் வென்றது எவர் தயவால்? தங்கள் ஒற்றுமையால்! மாண்டவருக்கு ஊதிய பிகிள் இருப்பவரையும் எழுப்பட்டும்!