செலவு கூடாரத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் போதும், நம் ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு திட்டம் கிளம்பிவிடும். நாலு பேர், ஒரு கார், ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி அரிச்சல்முனையில்தான் இறங்குவது. ராத்திரி கடற்கரை மணலில் டென்ட் அடித்துக்கொள்ளலாம், லாட்ஜ் வாடகை மிச்சம். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் ஊர் சுற்ற ஆசைப்படுவதில் தவறே இல்லை. அது நல்ல ஆசை. ஆனால் இந்தத் திட்டம் சிக்கனத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. கடலோரப் பயணத்தில் பணத்தைத் தின்பது அறை வாடகை அல்ல, தூரம். தூரத்தைக் குறைத்தால் செலவு தானாகக் குறையும்; கடலும் கூடுதலாகக் கிடைக்கும். இன்றைக்கு நான் சொல்ல வருவது இதுதான்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து கடலோரமாகவே தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். போக வர 1,200. கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கே 8,000 ரூபாய். சுங்கச்சாவடிக் கட்டணமும் சாலையோர ஓட்டல் சாப்பாடும் தனி. நாலு பேருக்கு இரண்டு அறை, அறைக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்றால் இரண்டு இரவுக்கு 4,000. டென்ட் மிச்சப்படுத்துவது அதிகபட்சம் இந்த நாலாயிரத்தைத்தான். அதிலும் இரண்டு டென்ட், பாய், விளக்கு எல்லாம் வாங்கும் செலவைக் கழித்தால் முதல் பயணத்தில் மிஞ்சுவது சொற்பம். அதே நண்பர்கள் தரங்கம்பாடியோடு திரும்பிவிட்டால் போக வர ஏறத்தாழ 560 கிலோமீட்டர்தான். பெட்ரோல் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நேரக் கணக்கு இன்னும் கறாரானது. ஊர்களும் வளைவுகளும் நிறைந்த இந்தச் சாலையில் சராசரி மணிக்கு 45 கிலோமீட்டர் என்றால், 1,200 கிலோமீட்டருக்கு 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று நாளில் ஒரு நாளுக்கு மேல் காருக்குள்ளேயே கழிந்துவிடும்.

"குறைந்த தூரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு துண்டை மட்டும் காட்டுகிறேன். சிதம்பரத்திலிருந்து கோடியக்கரை வரை சுமார் 150 கிலோமீட்டர். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு, படகில் போகலாம். அடுத்து பூம்புகார். பிறகு தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. 1845-இல் அவர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு காரைக்கால், நாகூர் தர்கா, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. கடைசியில் வேதாரண்யத்து உப்பளங்களைத் தாண்டினால் கோடியக்கரைச் சரணாலயம். வெளிமான்கள், பருவத்தில் பூநாரைகள். இந்தத் துண்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. நாகூரும் வேளாங்கண்ணியும் ஏழை எளியவர்கள் வேண்டுதலுக்கு வந்து போகும் ஊர்கள். அவர்கள் சக்திக்கேற்ற விடுதிகளும் மெஸ்களும் அங்கே எப்போதோ வந்துவிட்டன. வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான நாட்களையும் நாகூர்க் கந்தூரி விழா நாட்களையும் தவிர்த்தால் அறை கிடைப்பது சிரமமில்லை. சிதம்பரத்துக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் காரே தேவைப்படாது. கார்தான் என்றால், பெட்ரோலைக் காரைக்காலில் போட்டுக்கொள்ளலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பது அந்த வழியில் ஓடும் ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

"ஊர் பார்க்கவா போகிறோம்? சாலையில் போவதே சுகம், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுவதுதானே பயணம்" என்று ஒரு மறுப்பு வரும். அந்தச் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈசிஆர் என்ற பெயரைக் கேட்டதும் சாலையின் ஒரு பக்கம் முழுக்கக் கடல் தெரியும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பெரும்பாலான தூரம் சாலை கடலைவிட்டு உள்ளே தள்ளியே போகிறது. சவுக்குத் தோப்பு, உப்பளம், வயல், கடைத்தெரு என்றுதான் கண்ணில் படும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையைவிட்டு இடது பக்கம் திரும்பி ஏதாவது ஒரு குப்பத்துக்குள் போக வேண்டும். அதாவது வண்டியை நிறுத்தினால்தான் கடல். தூரத்தைத் துரத்துகிறவர்கள் நிறுத்த மாட்டார்கள். மேலும், விட்ட நேரத்தை ஈடுகட்ட ராத்திரியில் ஓட்டுவார்கள். டெல்டா பக்கம் தை, மாசியில் அறுவடை. சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். பின்விளக்கில்லாத டிராக்டர், குறுக்கே படுத்திருக்கும் மாடு எல்லாம் சேர்ந்த சாலை அது. நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் அதற்கு நாலுவழிச் சாலைகள் இருக்கின்றன. கடலோரச் சாலை நின்று போவதற்கானது.

இனி டென்ட் விஷயம். "கடற்கரை பொது இடம்தானே, யாரைக் கேட்க வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. பொது இடம்தான், ஆனால் ஆளில்லாத இடமல்ல. அது மீனவர்களின் வேலைத்தளம். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படகு ஒன்று வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்டு வரும். கரையில் நூறு இருநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கூட்டம் நின்று, வடத்தின் இரு முனைகளையும் இழுக்கத் தொடங்கும். வலை கிட்டே வர வர, இரண்டு கூட்டமும் நடந்து நடந்து ஒன்றையொன்று நெருங்கும். அந்த மணல் முழுக்க அவர்களுக்கு வேண்டும். நட்டநடுவில் நான்கு முளைக்குச்சியோடு ஒரு டென்ட் நின்றால் எப்படி இருக்கும்? விடிவதற்கு முன் படகு இறங்குவதும், விடிந்தபின் மீன் ஏலம் போவதும், வெயிலேறினால் கருவாடு காய்வதும் அதே மணலில்தான்.

மனிதர்களை விட்டாலும் ஆமைகள் இருக்கின்றன. நமக்குப் பயணத்துக்கு ஏற்ற பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவமும் அதேதான். இரவில் வந்து, மணலில் குழி பறித்து, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடிவிட்டுத் திரும்பிவிடும். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிப் போவதுண்டு. ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்து வெளிவரும் குஞ்சுகளோ வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடும். நம் விளக்கைப் பார்த்தால் நிலத்துப் பக்கம் வந்து சாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற உயிர் இது. மணலில் டென்ட் இலவசம் என்கிறோமே, அதன் விலையை இப்படி வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

"அப்படியானால் டென்ட்டே கூடாதா?" கூடும், இடமும் முறையும் அறிந்தால். மணலில் அல்ல, மணலுக்கு மேலே, ஊர்ப்பக்கம். தென்னந்தோப்பு, ரிசார்ட்டின் வெளிமுற்றம், ஊராரின் காலி மனை என்று கேட்டால் கிடைக்கும். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. பொழுதிருக்கும்போதே போய், பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுத் தங்குபவர்களை யாரும் விரட்டுவதில்லை, ஆபத்தென்றால் முதலில் ஓடிவருவதும் அவர்கள்தான். சாப்பாட்டை அந்த ஊரில் ஒரு வீட்டில் காசு கொடுத்துச் சமைக்கச் சொன்னால் இரு தரப்புக்கும் லாபம். அங்கேயும் தரை மணற்பாங்காக இருந்தால் முளைக்குச்சி நிற்காது. காலிச் சாக்கில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழம் புதைத்தால் கடற்காற்றுக்கு அசையாது. போகக்கூடாத இடங்களும் உண்டு: தனுஷ்கோடியில் மாலைக்குப் பிறகு யாரையும் தங்கவிடுவதில்லை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, கோடியக்கரைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. மது குடித்துவிட்டுக் கடலில் இறங்காதீர்கள் என்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் விலை மலிவு என்பது உயிரைப் பணயம் வைக்கக் காரணமாகாது.

"இப்படிக் கேட்டுக் கேட்டு, காசு கொடுத்துக் கொடுத்துப் போனால் அது என்ன சிக்கனப் பயணம்?" என்பது கடைசி மறுப்பு. தூரத்தைக் குறைத்துப் பெட்ரோலில் மிச்சப்படுத்திய நாலாயிரம் ரூபாயில் ஒரு பகுதிதான் இப்படிச் செலவாகிறது. மீதி உங்கள் பையிலேயே இருக்கும். அந்தப் பகுதியும் பெட்ரோல் பங்கில் புகையாகாமல், நீங்கள் பார்க்கப் போன ஊரிலேயே தங்குகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பல மீனவர் வீடுகளில் வருமானம் சுருங்கியிருக்கும் அந்த நாட்களில் வெயிலைப் பொறுத்துக்கொண்டு போகிறவர்கள் கொடுக்கும் சாப்பாட்டுக் காசுக்கு மதிப்பு அதிகம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வரைபடத்தை விரிக்கும்போது கடைசிப் புள்ளியை முதலில் தேடாதீர்கள். 150 கிலோமீட்டருக்கு மிகாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நாளையும் அதற்கே கொடுங்கள். ஊராரிடம் கேட்டுத் தங்குங்கள், குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். மீதிக் கடற்கரை எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.