கேழ்வரகுக்கு உரமும் ஒழுங்கியும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

ஏரைப் பற்றிப் பேச எழுதுகோல் பிடித்தவன் ஏன் வந்தான் என்று நீங்கள் எண்ணலாம். இரண்டு ஏக்கரில் கேழ்வரகு விளைத்துத்தான் என் தந்தையார் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்தக் கடன் எனக்குண்டு.

சென்ற திங்கள் எம்மூர் உழவர் ஒருவர் ஒரு புட்டியை நீட்டி, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார். 'வளர்ச்சி ஊக்கி' என்று சொல்லிக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்த சரக்கு. அளவு ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில் இருந்தது. பத்திலக்கம் பங்குக்கு நாற்பது பங்கு. அஃதாவது ஓர் இலிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம் மருந்துப்பொருள். அவரோ மூடியால் அளந்து அதற்கு முன்பே தெளித்துவிட்டார்! இலைகள் சுருண்டன. கடன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

தோழர்களே, உரம் பயிருக்கு உணவு. இப்புட்டிச் சரக்கு உணவன்று. பயிர் தன்னுள்ளே மிகமிகச் சிறிதளவில் சுரந்துகொள்ளும் ஏவற்பொருளைப் போன்றது. சப்பானில் நெல் நாற்றுகள் அளவின்றி நெடுத்து, வெளிறி, வீணாகும் நோய் ஒன்றுண்டு. பூஞ்சணம் ஒன்று சுரக்கும் பொருளே அதற்குக் கரணியம் என்பதை 1926-இல் குரோசாவா கண்டார். பின்னர் அதற்குச் சிப்பரெலின் என்று பெயரிட்டனர். நெடுத்ததெல்லாம் விளைச்சல் ஆகாது என்பது அங்கேயே விளங்கியது. இதற்கு நேர்மாறானது குளோர்மெக்குவாட்டு. பயிர் சிப்பரெலின் ஆக்குவதைத் தடுத்துத் தண்டைக் குட்டையாக்கும். கோதுமை சாயாதிருக்க ஐரோப்பாவில் அதனைத் தெளிக்கின்றனர்.

ஒன்று நீட்டுகிறது, மற்றொன்று அடக்குகிறது. இரண்டையும் 'ஊக்கி' என்பது பொருந்துமா? 'வளர்ச்சி ஒழுங்கி' என்பதே சரியான சொல். புலவனின் சொற்பூசல் என்று தள்ளிவிடாதீர்கள். 'ஊக்கி' என்ற பெயரால் அன்றோ, கூட ஊற்றினால் கூட வளரும் என்று அவர் நம்பினார்!

முதலில் உணவைச் சரியாக இடுங்கள். பாசனக் கேழ்வரகுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கூறும் அளவு, எக்டேருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 30, சாம்பற்சத்து 30 கிலோ. மண்ணாய்வு செய்திருந்தால் அதன்படியே இடுக. ஏக்கர்க் கணக்கில் யூரியா 52 கிலோ, சூப்பர் பாசுப்பேட்டு 75 கிலோ, பொட்டாசு 20 கிலோ வரும். பின்னவை இரண்டையும் முழுதாக அடியுரமாக இடவேண்டும். யூரியாவில் மட்டும் பாதி அடியில். எஞ்சியதை இரண்டாக்கி, 25-30 நாளில் ஒன்று, 40-45 நாளில் ஒன்று. மழை வரப்போகிறதென்று முழு மூட்டையையும் ஒரே நாளில் வீசுவோரைப் பார்க்கிறேன். சத்து நீரோடு போகும். எஞ்சியது தண்டை மெலிதாக்கிக் கதிர் முற்றும் வேளையில் பயிரைச் சாய்க்கும். அப்புறம் ஒழுங்கியைத் தேடி ஓடுவதா?

விதையை அசோசுபைரில்லத்தோடு அரிசிக் கஞ்சி கலந்து பிசறி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வேரருகே வாழும் அந்நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும். செலவும் சிறிது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய புட்டி இருந்தால் தெளிக்குமுன் கொண்டுவாருங்கள். பள்ளி விட்டபின் மாலையில் வீட்டில்தான் இருப்பேன். அளவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அதன்மேல் ஒட்டித் தருகிறேன்.