ஃபர்னஸ் எந்தப் படியில் நின்னுச்சு?

(குளிர்கால எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

குளிர் ஆரம்பிச்சாலே நமக்கு வர்ற வாய்ஸ் மெசேஜ்ல இந்தக் கேள்வி கண்டிப்பா இருக்கும்: "ஃபர்னஸ் ஓடுற சத்தம் கேக்குது, ஆனா வென்ட்ல குளிர்ந்த காத்துதான் வருது. ஆள் வர்றதுக்கு முன்னாடி நானே ஏதாவது பார்க்கலாமா?"

பார்க்கலாம். சிலதை நீங்களே சரி பண்ணலாம், சிலதைத் தொடவே கூடாது. நான் டொராண்டோல கேஸ் டெக்னீஷியனா இருக்கேன். அந்த ரெண்டுக்கும் நடுவில் கோடு எங்க இருக்குன்னு சொல்றதுதான் இன்னைக்கு என் வேலை. நம்ம ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு கேஸ்னா அடுப்பு, சிலிண்டர். பேஸ்மென்ட்ல ஒரு பெட்டி குளிர்காலம் முழுக்க தானாவே எரிஞ்சு அணையறது புதுசு. அதனாலதான் பயமும் இருக்கு, அலட்சியமும் இருக்கு.

முதல்ல, அது எப்படி பத்திக்குது?

ஃபர்னஸ் உடனே கேஸைத் திறக்காது. ஒவ்வொரு படியா சரிபார்த்துக்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும்.

தெர்மோஸ்டாட் "சூடு வேணும்"னு சிக்னல் கொடுக்கும். முதல்ல ஒரு சின்ன மோட்டார் சுத்த ஆரம்பிக்கும். அதுக்குப் பேரு இன்டியூசர். எரிஞ்ச புகையை வெளியே தள்றது அதோட வேலை. அது உண்மையிலேயே காத்தை இழுக்குதான்னு பிரஷர் சுவிட்ச் பார்க்கும். சரின்னா, இக்னைட்டர் சிவக்கச் சூடாகும். அப்புறம்தான் கேஸ் வால்வு திறக்கும், தீ பிடிக்கும். சில நொடிக்குள்ள ஃபிளேம் சென்சார் "தீ இருக்கு"ன்னு சொல்லணும். சொல்லலைன்னா கேஸ் மூடிடும். எல்லாம் சரின்னா, கொஞ்ச நேரம் கழிச்சு பெரிய ப்ளோயர் ஓடி சூட்டை வீடு முழுக்க அனுப்பும். உள்ளே சூடு எல்லை தாண்டினா நிறுத்துறதுக்கு லிமிட் சுவிட்ச்னு ஒண்ணு காவல் இருக்கும்.

இதை ஒரு தடவை மனசுல வாங்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது. இனிமே "ஃபர்னஸ் வேலை செய்யலை"ன்னு சொல்ல மாட்டீங்க, "எந்தப் படியில நின்னுச்சு"ன்னு கேப்பீங்க. பல நேரம் அது கெட்டுப்போய் நிக்கறதில்லை. ஏதோ சரியில்லைன்னு கண்டுபிடிச்சு, உங்களைக் காப்பாத்த நிக்குது.

நீங்களே பார்க்கக்கூடியவை

தெர்மோஸ்டாட்டைப் பாருங்க. "ஹீட்"ல இருக்கா? பேட்டரி இருக்கா? ஃபேன் "ஆட்டோ"ல இருக்கா, "ஆன்"ல இருக்கா? "ஆன்"ல வெச்சா தீ எரியாத நேரத்துலயும் ப்ளோயர் ஓடிக்கிட்டே இருக்கும், அப்போ காத்து குளிர்ச்சியாத்தான் இருக்கும். குளிர்ந்த காத்துப் புகார்ல சிலது இந்த ஒரு பட்டனோட முடிஞ்சுடும்.

அடுத்து கரன்ட். ஃபர்னஸ் பக்கத்திலோ பேஸ்மென்ட் படிக்கட்டு மேலயோ, லைட் சுவிட்ச் மாதிரியே ஒரு சுவிட்ச் இருக்கும். லைட்டுன்னு நினைச்சு யாராவது அணைச்சிருப்பாங்க. ஃபர்னஸ் கதவு சரியா பொருந்தலைன்னாலும் ஓடாது, அதுக்குப் பின்னாடியும் ஒரு சுவிட்ச் இருக்கு.

மூணாவது ஃபில்டர். இதுல கொஞ்சம் நிக்கிறேன், ஏன்னா அந்த வாய்ஸ் மெசேஜுக்கு அடிக்கடி பதில் இதுதான். ஃபில்டர் தூசியில அடைஞ்சா போதுமான காத்து உள்ளே போகாது. உள்ளே இருக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறி சூடாகும். லிமிட் சுவிட்ச் கேஸை நிறுத்திடும். ஆனா சூட்டைத் தணிக்க ப்ளோயர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு சத்தம் கேக்கும், குளிர்ந்த காத்து வரும். யூஸ் பண்ணாத ரூம்ல வென்ட்டை எல்லாம் மூடி வெச்சாலும் இதே கதைதான். 1 இன்ச் ஃபில்டர்னா குளிர்காலத்துல மாசம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியலைன்னா மாத்துங்க. அதுல இருக்கிற அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்கணும்.

நாலாவது, வீட்டுக்கு வெளியே போங்க. கனடாவுல 2009 முடிஞ்ச பிறகு தயாரான வீட்டு ஃபர்னஸ் எல்லாம் குறைஞ்சது 90 சதவீதத் திறனோட இருக்கணும்னு விதி வந்துச்சு. இந்த வகை ஃபர்னஸோட புகை பெரும்பாலும் பக்கவாட்டுச் சுவர் வழியா பிளாஸ்டிக் குழாய்லதான் வெளியே போகும். பனிப்புயலுக்குப் பிறகு அந்தக் குழாய் வாய் பனியில மூடியிருக்கும். பிரஷர் சுவிட்ச் "காத்து போகலை"ன்னு நிறுத்திடும். பனியைக் கையால மெதுவா ஒதுக்குங்க. மண்வெட்டியால தட்டிக் குழாயை உடைச்சுடாதீங்க. இதே ஃபர்னஸ்ல இருந்து தண்ணியும் வடியும். அந்த டியூப் மடங்கியிருந்தாலோ அடைச்சிருந்தாலோ அதே படியில நின்னுடும்.

ஆளைக் கூப்பிட வேண்டியவை

தீ பிடிக்குது, சில நொடியில அணையுது, திரும்பப் பிடிக்குது, திரும்ப அணையுதுன்னா ஃபிளேம் சென்சார் மேல சந்தேகப்படலாம். தீ வழியா ஓடுற ரொம்பச் சின்ன மின்சாரத்தை வெச்சுத்தான் அது தீயை அடையாளம் காணும். மேல படிவு சேர்ந்தா எதிரே தீ இருந்தும் அதுக்குத் தெரியாது. பெரும்பாலும் சுத்தம் பண்ணாலே சரியாகும். இன்டியூசர் ஓடுது, ஆனா சிவப்பு வெளிச்சமே வரலைன்னா இக்னைட்டர் விரிசல் விட்டிருக்கலாம். அது மாத்துற பொருள்தான். இந்த ரெண்டுக்கும் புது ஃபர்னஸ் தேவையில்லை.

கதவுல சின்ன கண்ணாடி வழியா ஒரு லைட் மினுக்குறது தெரியும். எத்தனை தடவை மினுக்குதுங்கிறதுதான் கோடு. அதை முதல்ல போன்ல வீடியோ எடுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில மாடல்ல கோடு அழிஞ்சுடும். வர்ற டெக்னீஷியன்கிட்ட "இன்டியூசர் ஓடுச்சு, தீ பிடிச்சுது, 4 நொடில அணைஞ்சுது, இதுதான் கோடு"ன்னு சொல்லிப் பாருங்க. பேச்சே வேற மாதிரி போகும்.

திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணாதீங்க. எந்த சுவிட்சையும் வயர் போட்டு பைபாஸ் பண்ணாதீங்க. வீடியோல யாராவது செஞ்சு காட்டினாலும் வேண்டாம். அது காவலுக்கு நிக்கிறவன் வாயைப் பொத்துற மாதிரி. அவன் கத்தினதுக்கு ஒரு காரணம் இருக்கு.

உண்மையான ஆபத்து

அந்தக் காரணத்துக்குப் பேரு கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. அழுகின முட்டை வாடை வந்தா அது கேஸ் கசிவு. எந்த சுவிட்சையும் தொடாம வெளியே போய், அங்கிருந்து போன் பண்ணுங்க. ஆனா கார்பன் மோனாக்சைடு அப்படி எச்சரிக்காது. தலைவலி, மயக்கம், குமட்டல்னு ஃப்ளூ மாதிரி வரும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வெளியே போனா தெளியும், வீட்டுக்கு வந்தா திரும்ப ஆரம்பிக்கும்.

2008 டிசம்பர்ல ஒன்டாரியோவோட வுட்ஸ்டாக் ஊர்ல ஒரே குடும்பத்துல நாலு பேர் இறந்தாங்க. அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைங்க. கேஸ் ஃபயர்பிளேஸோட புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டுல அலாரம் இல்லை. ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம்னு 2013ல ஒன்டாரியோ கொண்டுவந்த சட்டத்துல இருக்கிற ஹாக்கின்ஸ் அந்தக் குடும்பத்தோட பேருதான். கேஸ் உபகரணம் இருக்கிற வீட்டுல தூங்குற இடத்துக்கிட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் ஆனது அப்படித்தான்.

இன்னைக்கு ராத்திரி உங்க அலாரத்தைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க. காலாவதி தேதி இருக்கும். நாலு பீப், இடைவெளி, நாலு பீப்னா எல்லாரும் வெளியே போய் 911 கூப்பிடுங்க. எப்பவாவது ஒரு சின்ன கீச் சத்தம்னா பேட்டரி தீருது, இல்லைன்னா அலாரத்தோட ஆயுள் முடியுது.

பணம், வாடகை

"ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசல், இப்பவே மாத்தணும்"னு சொன்னா அது உண்மையா இருக்கலாம். உண்மைன்னா ஆபத்துதான். அதனால கேஸை அணைச்சு வெக்க ஒத்துக்கோங்க. ஆனா விரிசலைக் காட்டச் சொல்லுங்க, போட்டோ கேளுங்க, இன்னொருத்தரையும் கூப்பிட்டுப் பாருங்க. குளிர்ல நடுங்கிக்கிட்டு எந்தப் பத்து வருஷ ஒப்பந்தத்துலயும் கையெழுத்து போடாதீங்க. ஒன்டாரியோல கேஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு டி.எஸ்.எஸ்.ஏ. லைசென்ஸ் இருக்கணும். கார்டைக் காட்டச் சொல்றது மரியாதைக்குறைவு இல்லை. நீங்க கூப்பிடாமலே கதவைத் தட்டி ஃபர்னஸ் விக்கிறதுக்கு இங்க 2018 மார்ச்ல இருந்து தடை இருக்கு.

பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு வார்த்தை. பல வீட்டுல ஃபர்னஸ் உங்க கட்டிலுக்கு அடுத்த சுவர்லதான் இருக்கு. அலாரம் இருக்கான்னு கேக்கறதுக்குத் தயங்காதீங்க. அலாரம் போட்டு வெக்கிறது வீட்டு ஓனரோட பொறுப்பு. டொராண்டோல வாடகை வீட்டுல ஹீட்டர் சீசன்ல 21 டிகிரி சூடு இருக்கணும்னு நகர விதியே இருக்கு. சொல்லிப் பார்த்தும் கேக்கலைன்னா 311க்கு போன் பண்ணுங்க. தெர்மாமீட்டரை போட்டோ எடுத்து, தேதியோட வெச்சுக்கோங்க. குளிருதுன்னு கேஸ் அடுப்பைப் பத்த வெச்சு ரூமைச் சூடாக்குறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஃபர்னஸ் எந்தப் படியில நின்னுச்சுன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசலாம். ஃபில்டரைப் பாருங்க, அலாரத்தைப் பாருங்க. பத்திரமா இருங்க.