கையை உயர்த்துமுன் கணக்கைக் கேளுங்கள்!

(விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வரியைக் குறைப்பேன் என்பவனுக்கு மாலை விழுகிறது. கூட்டுவேன் என்பவனுக்குக் கல் விழுகிறது. ஆதலாற்றான் பாராளுமன்ற உறுப்பினர் பலர், வரவு செலவுத் திட்ட விவாதத்தில் தம் தொகுதியின் வீதியையும் பாலத்தையும் பற்றி மட்டும் பேசி அமர்ந்துவிடுகின்றனர். வீதி வேண்டியதே. ஆயினும், அதற்குரிய பணம் எவரிடமிருந்து வருகிறது என்று கேட்பதன்றோ அச்சபையின் முதற் கடமை?

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது. வரியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் சட்டமூலத்தை, அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் ஓர் அமைச்சரே கொண்டுவரலாம் என்பது 152ஆம் உறுப்புரை. ஆகவே, சாதாரண உறுப்பினருக்கு வரியை எழுதும் உரிமையில்லை. ஆனால் அதனை நிறுத்துப் பார்க்கும் உரிமையும், கேள்வி கேட்கும் உரிமையும், எதிர்த்து வாக்களிக்கும் உரிமையும் உண்டு. இவ்வுரிமைகள் உறங்கினால் நாடு என்னவாகும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே இரு சான்றுகள் உள.

1953ஆம் ஆண்டு திறைசேரியில் பற்றாக்குறை. அதனை நிரப்ப அரிசி மானியத்தில் அரசாங்கம் கைவைத்தது. 25 சதத்திற்கு விற்ற ஒரு கொத்து அரிசி 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது; உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஏழையின் சோற்றுக் கோப்பையில் வைத்துக் கணக்கைச் சமப்படுத்த முயன்றதன் விளைவு அது.

இரண்டாவது சான்று இதற்கு நேர்மாறானது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில், பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2020 தொடக்கம் வருமான வரியிலும் பெருஞ் சலுகைகள் வழங்கப்பட்டன. அச்சலுகைகளுக்கான திருத்தச் சட்டம் எப்போது நிறைவேறிற்று? 2021ஆம் ஆண்டு மே மாதத்தில்! சலுகை முந்தி வந்தது. சட்டம் பிந்தி வந்தது. நிதியின் முழுக் கட்டுப்பாடும் தன்னுடையது என்ற பாராளுமன்றம், நடந்து முடிந்ததற்குக் கை உயர்த்தியது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாயிருந்த அரசிறை 8 சதவீதமளவுக்கு வீழ்ந்தது. பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது. பள்ளத்தைக் கடனும் புதிதாக அச்சிட்ட பணமும் நிரப்பின. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். எந்தச் சபையும் நிறைவேற்றாத வரி அது; கூலிக்காரன் சட்டைப்பையிலிருந்தே முதலில் அறவிடப்பட்டது.

பின்னர் நேர்ந்ததை நீங்களே அறிவீர்கள். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. செம்மண் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்து நின்றன. 2023 ஜனவரியில் வருமான வரிவிலக்கின் எல்லை ஆண்டுக்கு 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாக இறங்கிற்று; வைத்தியரும் விரிவுரையாளரும் வீதிக்கு வந்தனர். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. குறைத்த வரி வட்டியுடன் திரும்பி வந்தது.

பற்றாக்குறை எப்பொழுதும் பாவமென்று நாம் கூறவில்லை. விதைக்குக் கடன்பட்டவன் அறுவடையிற் கொடுப்பான். சோற்றுக்குக் கடன்பட்டவன் காணியைத்தான் கொடுப்பான். குளங்கட்டப் பெறும் கடன் வேறு, வட்டி கட்டப் பெறும் கடன் வேறு.

சட்டம் மட்டும் நம்மைக் காக்குமா? பற்றாக்குறை 2006 முதல் உற்பத்தியின் 5 சதவீதத்தை மீறலாகாதென 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. எல்லை மீறப்பட்டது, சட்டமே திருத்தப்பட்டது. வட்டி நீங்கலான செலவு 13 சதவீதத்தைத் தாண்டலாகாதென 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. வேலி நல்லதே, காவலாளி உறங்கினால் வேலியால் என்ன பயன்?

ஆகவே, எந்த வரி சபைக்கு வந்தாலும் உறுப்பினர் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இதனாற் கூடும் அல்லது குறையும் பணம் எவ்வளவு, குறைவதை எது நிரப்பும்? இச்சுமை எவர் தோளில் விழும்? இதற்குச் சட்டம் உண்டா, அன்றி வெறும் அறிவித்தலா? ஒரு வரியை எதிர்ப்பவர், அதற்குப் பதிலாக எச்செலவை வெட்டலாம் அல்லது எவரிடம் அறவிடலாம் என்றுஞ் சொல்லக் கடமைப்பட்டவர். ஆளுங் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இது பொது.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறோம். 2019இல் வரி குறைந்தபோது நம்மில் எத்தனை பேர் கணக்குக் கேட்டோம்? சட்டம் பயின்ற நாமும் கேட்கத் தவறினோம். கிடைத்தது இலாபமென்று வாளாவிருந்தோம்.

இனி அவ்வாறிருத்தல் ஆகாது. வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியையுங் கேளுங்கள். அத்துடன், சென்ற முறை எந்த வரிக்குக் கை உயர்த்தினீர், ஏன் உயர்த்தினீர் என்றுங் கேளுங்கள். விடை தெரியாதவர் உங்கள் பணத்திற்குக் காவலராக இருக்கத் தகுதியற்றவர்.