‘வேண்டாம்’னு சொல்ற உரிமை யாருக்கு?

இன்னைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். தீவிர மனநோயோட வாழ்ற ஒருத்தருக்கு, உயிருக்கு ஆபத்தான உடம்பு நோயும் வந்தா, எந்த சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு யார் முடிவு பண்றது? பேச்சுல சாவு பத்தி, தற்கொலை எண்ணம் பத்தியும் வரும். கேக்கக் கஷ்டமா இருந்தா இந்த எபிசோடைத் தாண்டிப் போயிடுங்க, தப்பில்ல.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். எங்க சித்தப்பாவுக்கு இளவயசுலயே பைபோலார், அதாவது இருமுனை மனநோய். இருபது வருஷத்துக்கு மேல லித்தியம் மாத்திரை. திராட்சைப் பந்தல்ல வேலை பாத்து, தன் காசுல அவர் வாழ்ந்ததுக்கு அந்த மாத்திரைதான் காரணம். ஆனா லித்தியத்தை ரொம்ப வருஷம் எடுத்தா சிலருக்கு கிட்னி பாதிக்கும். அதனாலதான் அப்பப்ப ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்வாங்க. போன வருஷம் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் தேவைன்னு டாக்டர் சொன்னாங்க. அவர் ஒரே வார்த்தைல “வேண்டாம்”னுட்டார்.

வீட்டுல உடனே, “புத்தி சரியில்லாதவன் பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?”ன்னாங்க. ஆனா பூர்வீக நிலத்தைப் பிரிச்சப்போ இதே சித்தப்பாவை ரெஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் கையெழுத்து வாங்குனாங்க. அன்னைக்கு அவர் புத்தி பத்தி யாருக்கும் சந்தேகம் வரல.

சட்டம் என்ன சொல்லுது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாசம் அமலுக்கு வந்துச்சு. ஒருத்தருக்கு மனநோய் இருக்குங்கிற காரணத்தாலயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர்னு எடுத்துக்கக் கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்கணும்னு அதுல இருக்கு. மனநோய்க்கு எப்படி சிகிச்சை தரணும், எப்படித் தரக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கவும் அது உரிமை தருது.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2018 மார்ச் 9-ஆம் தேதி, காமன் காஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் ‘லிவிங் வில்’லை ஏத்துக்கிச்சு. மீள முடியாத நிலைக்குப் போனா செயற்கையா உயிரை நீட்டிக்க வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறதுதான் அது. எழுதுறவர் தெளிந்த மனநிலைல இருக்கணும்கிறது நிபந்தனை. இங்கதான் குடும்பங்கள் குழம்புது. தெளிந்த மனநிலைன்னா மனநோயே இல்லாத மனசுன்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல. விஷயம் புரியுதா, விளைவு தெரியுதா, முடிவைச் சொல்ல முடியுதா, இதுதான் கேள்வி. நோய் அடங்கியிருக்கும்போது பலரால இது நல்லாவே முடியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ‘வேண்டாம்’னு சொல்றது சில சமயம் மனுஷன் இல்ல, மனச்சோர்வு. நெதர்லாந்துலயும் பெல்ஜியத்துலயும் மனநோயின் வேதனைக்காகவே கருணைக்கொலை கேக்க 2002-லேருந்து சட்டத்துல வழி இருக்கு. கனடா அதை 2027 மார்ச் வரைக்கும் தள்ளி வெச்சிருக்கு. இந்தியாவுல அது கிடையாது. சிகிச்சையை மறுக்கிறது வேற, உயிரை எடுக்கிறது வேற.

சித்தப்பா விஷயத்துல மனநல டாக்டர் சில வார இடைவெளியில ரெண்டு தடவை தனியா உக்காந்து பேசுனார். மனச்சோர்வு இருந்துச்சு, மாத்திரையை மாத்துனார். ரெண்டாவது தடவை சித்தப்பா, “மூணு மாசம் பண்ணிப் பாக்குறேன். அதுக்கப்புறம் நான் நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்”னார். இப்போ அஞ்சாவது மாசம். தொடர்றார். நிறுத்தச் சொன்னாலும் கேக்குறோம்னு வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. அதுக்குத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

டயாலிசிஸ் வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, அவரைக் கைவிட்டுட்டோம்னு ஆகாது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் சிகிச்சை தொடரும். 2021-ல தொடங்குன ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே வர்ற நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு.

உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, அவர் தெளிவா இருக்கிற ஒரு நாள்ல கேளுங்க. அவர் சொல்றதை எழுதுங்க. லிவிங் வில்லுக்கு ரெண்டு சாட்சியும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்தும் போதும்னு 2023-ல நீதிமன்றம் எளிமையாக்கிடுச்சு. அவருக்காகப் பேசப் போறது யாருன்னும் அவரே சொல்லட்டும். அது நீங்களா இல்லாமலும் போகலாம், கோவிச்சுக்காதீங்க.

மனசு தாங்கலன்னா டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.